காதிரைச்சலும் ஒலி சிகிச்சையும்

தாம்பரத்தில் கடைசி மின்சார ரயிலும் ஓய்ந்து, வீடு உறங்கும் வேளையில்தான் பலருக்குக் காதிரைச்சல் பெரிதாகக் கேட்கிறது. பகலில் ஜி.எஸ்.டி. சாலையின் ஓசையில் அது மறைந்திருக்கும்.

முதுமை, தொடர்ந்த பேரொலி, சில மருந்துகள் ஆகியவற்றால் உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் பழுதுறும்போது, மூளைக்குச் செல்லும் ஒலிச்செய்தி குறைகிறது. அதனை ஈடுசெய்ய மூளை தன் கேட்புணர்வைக் கூட்டிக்கொள்வதே பெரும்பாலும் இரைச்சலாகிறது. முழு அமைதி அதனை மேலும் பெரிதாக்கிக் காட்டும்.

எனவே படுக்கையறையில் மெல்லொலி ஒன்று இருக்கட்டும். மின்விசிறி, மழையோசைப் பதிவு, தம்புரா சுருதி எதுவாயினும் நன்று. அது இரைச்சலை முற்றிலும் மூழ்கடிக்க வேண்டா. இரண்டும் கேட்குமாறு சற்றுத் தாழ்வாக வையுங்கள். கேட்டும் பொருட்படுத்தாதிருக்க மூளை பழக வேண்டும். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். இச்சிகிச்சை இரைச்சலை அழிப்பதன்று, தொல்லையைத் தணிப்பது. கேள்திறன் குறைந்தோர்க்குக் காது கேட்கும் கருவியே பெரிதும் உதவும்.

காசநோய் மருத்துவத்திற்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்ற நம் பகுதியில் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசின், அமிகாசின் ஊசிகள் உட்செவியைப் பாதிக்கக்கூடும். ஊசிக்காலத்தில் இரைச்சல் தோன்றினால், சிகிச்சையைத் தாமாக நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

திடீரெனக் காது கேளாமற்போனால் அன்றே வாருங்கள். ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு ஒத்த ஒலி, தலைச்சுற்றல் இருப்பின் பரிசோதனைக்குப் பின்னரே ஒலி சிகிச்சை.

குடும்பத்தாரே, "அது வெறும் பிரமை" என்று கூறாதீர்கள். நோயாளி கேட்பது மெய்யே.