கூரைமேல் ஒரு குளிர்சாதனம்

தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நின்று கீழே பார்த்திருக்கிறீர்களா? 2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரைக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே குளிர்சாதன வசதி கொண்ட மின்ரயில் ஓடத் தொடங்கியது. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் உருவான 12 பெட்டி வண்டி அது. மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு பெட்டியின் கூரையிலும் பெரிய உலோகப் பெட்டிகள் பதிந்திருப்பது தெரியும். நகரத்துக் குளிர்சாதனப் பேருந்துகளிலும் இதே ஏற்பாடுதான். வீட்டில் சன்னலிலோ சுவரிலோ இருக்கும் கருவி, வண்டி என்று வந்ததும் கூரைக்கு ஏறிவிடுகிறது. ஏன்?

ரயிலை விட எளிய வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டால் இதைக் கணக்குப் போட்டே புரிந்துகொள்ளலாம். சினிமாப் படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் நிற்கும் கேரவன் வண்டியை நீங்கள் அறிவீர்கள். உள்ளே படுக்கை, நாற்காலி, சிறு சமையல் மேடை எல்லாம் இருக்கும். அதுபோல ஒரு பழைய வேனை நடமாடும் வீடாக மாற்ற நினைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பழைய வேனுக்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதியில் இயங்கி, 1980களின் இறுதியில் உற்பத்தியை நிறுத்திவிட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை, கார்களோடு 'ஸ்டாண்டர்டு 20' என்ற வேனையும் செய்தது. அந்தக் காலத்து வேன்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. ஒற்றை இரும்புத் தகடுதான் சுவர், அதுதான் கூரை. மே மாதத்துப் பகல் 1 மணிக்கு அதனுள் உட்கார முடியாது.

இந்த வண்டிக்கு எத்தனை டன் குளிர்சாதனம் வேண்டும்? இதுதான் நம் கேள்வி.

முதலில் 'டன்' என்ற சொல். எடை அளவான டன் எப்படிக் குளிர்ச்சிக்கு அளவானது? எந்திரம் வருவதற்கு முன் குளிர்ச்சி என்றால் பனிக்கட்டிதான். அமெரிக்காவின் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனியை வெட்டி, கப்பலில் ஏற்றிச் சென்னைக்கே கொண்டுவந்து விற்றார் பிரெடரிக் டியூடர் என்ற வணிகர். அதைச் சேமித்து வைக்க 1842-இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் இன்றும் மெரினா கடற்கரை எதிரே விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் நிற்கிறது. நம் ரயில்களிலும் தொடக்கம் பனிக்கட்டிதான். 1934-இல் பிரான்டியர் மெயில் வண்டியில், பனிக்கட்டியின் மீது காற்றைச் செலுத்திப் பெட்டியைக் குளிர்வித்தார்கள். ஆகவே எந்திரம் வந்தபோது, 'ஒரு நாளில் எத்தனை டன் பனிக்கட்டி செய்யும் வேலையை இது செய்யும்?' என்று கேட்டது இயல்பே.

0 டிகிரியில் உள்ள 1 கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். அமெரிக்க டன் என்பது 907 கிலோ. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 3,03,000 கிலோஜூல். ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். வகுத்தால் விநாடிக்கு 3.5 கிலோஜூல், அதாவது 3.5 கிலோவாட் வருகிறது. வரையறுக்கப்பட்ட மதிப்பு 3,517 வாட். ஒரு டன் குளிர்சாதனம் என்றால் விநாடிக்கு இத்தனை ஜூல் வெப்பத்தை உள்ளேயிருந்து வெளியே தள்ளும் கருவி என்று பொருள். அது மின்சாரம் செலவழிக்கும் அளவு அல்ல. இதில் பெரியவர்களே குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி வேனுக்கு வருவோம். நீளம் 5 மீட்டர், அகலம் 2 மீட்டர், உயரம் 2 மீட்டர் எனக் கொள்வோம். வெளியே 38 டிகிரி. உள்ளே 26 டிகிரி வேண்டும். வித்தியாசம் 12 டிகிரி. ஆனால் கூரைக்கு இந்த 12 பொருந்தாது. அங்கேதான் சூரியன் இருக்கிறது.

மே மாத நண்பகலில் கிடையான ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 900 வாட் வெயில் விழுகிறது. கரும்பச்சை அல்லது கறுப்பு வண்ணக் கூரை அதில் 90 விழுக்காட்டை, அதாவது 810 வாட்டை, உறிஞ்சிக்கொள்ளும். கூரையைத் தொட்டுச் செல்லும் காற்று, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 வாட் வெப்பத்தை எடுத்துப்போகும். 810-ஐ 20-ஆல் வகுத்தால் 40. எனவே பொறியியலார் ஒரு தந்திரம் செய்கிறார்கள். வெயிலை மறந்துவிட்டு, கூரைக்கு மேலே உள்ள காற்று 38 டிகிரி அல்ல, 38-உம் 40-உம் சேர்ந்த 78 டிகிரி என்று வைத்துக்கொள்கிறார்கள். இனிக் கணக்கு எளிது. தகட்டின் இருபுறமும் உள்ள காற்றுப் படலங்களைச் சேர்த்துப் பார்த்தால், வெறும் தகடு ஒரு டிகிரிக்குச் சதுர மீட்டருக்கு 5.5 வாட் வெப்பத்தைக் கடத்தும். கூரைப் பரப்பு 10 சதுர மீட்டர்; வித்தியாசம் 78 − 26 = 52 டிகிரி.

10 × 5.5 × 52 = 2,860 வாட்.

கூரை வழியாக மட்டும் ஒரு டன்னில் ஐந்தில் நான்கு பங்கு! இரும்பு நல்ல கடத்தி என்பதால் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். தகடு இவ்வளவு மெல்லியதாக இருக்கும்போது அது இரும்பா, அலுமினியமா என்பது பொருட்டே இல்லை. வெப்பத்தைத் தடுப்பது இருபுறமும் ஒட்டியிருக்கும் காற்றுப் படலங்கள் மட்டுமே.

அதே கூரைக்கு வெள்ளை வண்ணம் அடித்தால் என்ன ஆகும்? நல்ல வெள்ளை 30 விழுக்காட்டைத்தான் உறிஞ்சும். 270-ஐ 20-ஆல் வகுத்தால் சுமார் 14. கூரைக்கு மேலே '52 டிகிரி', வித்தியாசம் 26. வெப்பம் சரிபாதியாகி 1,430 வாட் ஆகிறது. ஒரு டப்பா பெயின்ட் ஏறத்தாழ 0.4 டன் குளிர்சாதனத்தின் வேலையைச் செய்துவிட்டது. (ஜி.எஸ்.டி. சாலையின் புகையும் தூசியும் படிந்தால் வெள்ளை வெள்ளையாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழுவ வேண்டும்.) இதோடு கூரையின் உட்புறம் 25 மில்லிமீட்டர் நுரைப் பலகை ஒட்டினால், 5.5 என்ற எண் 1.1 ஆகக் குறையும். கூரை வழி வெப்பம் 286 வாட். முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்கு!

மற்றவற்றை விரைவாகக் கூட்டிவிடுவோம். கரும்பச்சை வேனில் பக்கச் சுவர்கள் 23 சதுர மீட்டர், ஒரு பக்கம் வெயில் படுவதால் சராசரி வித்தியாசம் 19 டிகிரி என்று கொண்டால் 2,400 வாட். தரை 360. கண்ணாடிகள் 1,100. உள்ளே மூன்று பேர். ஓய்வாக இருக்கும் ஒருவர் உடலிலிருந்து 115 வாட் வெப்பம் வெளியாவதால் 350. கதவிடுக்கு வழியாகவும் மூச்சுக்காகவும் புகும் வெளிக்காற்றுக்கு 390. கூரையையும் சேர்த்தால் ஏறத்தாழ 7,460 வாட். 2.1 டன்! வெள்ளை அடித்து, நுரை ஒட்டி, கண்ணாடிக்குத் திரை போட்ட வேனில் இதே கணக்கு 2,140 வாட்டில் முடிகிறது. 0.6 டன். முக்கால் டன் கருவி போதும். 42, 43 டிகிரி நாட்களையும் நினைத்துக் கொஞ்சம் தாராளமாகப் போனால் ஒரு டன்.

'பெரிய கருவியாகவே வாங்கிவிட்டால் போயிற்று' என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். காரணங்கள் இரண்டு.

ஒன்று மின்சாரம். கூரைமேல் வெயிலில் வேலை செய்யும் இத்தகைய கருவி, ஒரு ஜூல் மின்சாரத்தைக் கொண்டு 2.5 ஜூல் வெப்பத்தை வெளியேற்றும் என்று கொள்ளலாம். முதல் வேனுக்கு 3,000 வாட் வேண்டும். இரண்டாவதற்கு 855 வாட். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி மின்கலத்தில் இருப்பது 2,400 வாட்-மணி. ஈய-அமில மின்கலத்தைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும். ஆக 1,200 வாட்-மணிதான் நமக்கு. முதல் வேனில் அது 24 நிமிடம் தாங்கும். இரண்டாவதில் 84 நிமிடம். கூரையின் பாதியில் சூரியத் தகடுகளைப் பொருத்தினால், உச்சி வெயிலில் 855 வாட்டை அவையே ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். கூரைக்கு நிழலும் கிடைக்கும்.

இரண்டாவது காரணம் சென்னைக்கே உரியது. வியர்வை! வில்லிஸ் கேரியர் 1902-இல் நியூயார்க்கில் முதல் நவீனக் குளிர்சாதனத்தை அமைத்தது மனிதர்களுக்காக அல்ல. ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்குவதைத் தடுப்பதற்காக. நம் ஊரில் கடற்காற்று வந்தால் வெப்பநிலை இறங்கும். ஆனால் காற்றில் நீராவி ஏறும். (தாம்பரம் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால், மெரினாவில் குளுகுளுவென்று இருக்கும் நேரத்திலும் இங்கே சற்றுக் காத்திருக்க வேண்டியிருக்கும்.) குளிர்ந்த சுருளின் மேல் இந்த நீராவி படிந்து நீராக வடிய நேரம் வேண்டும். தேவைக்கு மீறிப் பெரிய கருவி ஐந்து நிமிடத்தில் வெப்பநிலையை இறக்கிவிட்டு நின்றுவிடும். ஈரம் அப்படியே இருக்கும். சில்லென்று இருந்தும் உடம்பு பிசுபிசுக்கும். தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் ஏர்கூலர் ராஜஸ்தானில் அருமையாக வேலை செய்து, நம்மூர்க் கடற்காற்றில் தோற்றுப்போவதும் இந்த நீராவியால்தான்.

நம் சிறிய வேனிலேயே எவ்வளவு நீர் வடியும் தெரியுமா? வெளிக்காற்றின் நீராவிக்கு 235 வாட், மூவரின் மூச்சுக்கும் வியர்வைக்கும் 150 வாட் என்று வைத்தால் மொத்தம் 385 வாட். ஒரு கிராம் நீராவி நீராகும்போது ஏறத்தாழ 2,500 ஜூல் வெளிப்படும். வகுத்துப் பாருங்கள். மணிக்கு அரை லிட்டருக்கு மேல்! கூரையில் சரியான வடிகால் இல்லாவிட்டால் அது படுக்கையில் சொட்டும்.

இப்போது 'ஏன் கூரை?' என்பதற்கு விடை சொல்லலாம். குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. மேலிருந்து விட்டால் தானே இறங்கும். வெளியேற்றும் வெப்பம் சாலையின் சூட்டில் கலக்காமல் மேலேயே போய்விடும். உள்ளே ஓர் அங்குல இடமும் வீணாகாது. இதற்கு விலையும் உண்டு. 1,500 கிலோ வேனின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 80 சென்டிமீட்டரில் இருப்பதாகவும், 40 கிலோ கருவியின் மையம் 2.3 மீட்டரில் இருப்பதாகவும் கொண்டு திருப்புத்திறன் கணக்குப் போட்டால், ஈர்ப்பு மையம் 4 சென்டிமீட்டர் உயர்கிறது. வளைவில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். பழைய தகட்டுக் கூரைக்கு அடியில் இரும்புச் சட்டமும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வில் விரிசல் விடும்.

வீட்டுச் 'ஸ்பிளிட்' கருவியை வண்டியில் மாட்டினால் மலிவு என்பது உண்மைதான். ஆனால் அதன் செம்புக் குழாய் இணைப்புகள் குலுக்கலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அமெரிக்க வண்டியிலிருந்து கழற்றிய கருவி கிடைத்தாலும் எச்சரிக்கை தேவை. அது 120 வோல்ட், 60 ஹெர்ட்சுக்கு உரியது. நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்னழுத்தத்தை மின்மாற்றி சரிசெய்யும், அதிர்வெண்ணைச் சரிசெய்யாது. மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். மிகப் பழைய கருவி என்றால் அதனுள் ஆர்-12 வாயு இருந்திருக்கும். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் இந்த வாயுவை ஒழிக்க 1987-இல் மான்ட்ரியல் உடன்பாடு ஏற்பட்டது. அத்தகைய கருவியை மீண்டும் உயிர்ப்பிக்க முயலக்கூடாது.

ஒரு செய்தியை மட்டும் கணக்கில்லாமல் சொல்கிறேன். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். குளிர்சாதனத்துக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்ததே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைந்துகொள்ளும். தூங்குபவருக்குத் தெரியவே தெரியாது. நாம் வெப்பத்துக்காக இடுக்குகளை அடைக்க அடைக்க, உள்ளே வரும் நல்ல காற்றும் குறைகிறது. வெளிக்காற்றுக்காக நாம் ஒதுக்கிய 390 வாட்டை மிச்சப்படுத்த நினைக்கவே கூடாது. ஜெனரேட்டரை ஓட்டியபடி மூடிய வண்டிக்குள் தூங்கவும் கூடாது. இயந்திரத்தை ஓடவிட்டு நிறுத்திய காருக்கும் இதுவே பொருந்தும்.

இனி மின்ரயிலுக்குத் திரும்பினால், அங்கே கணக்கின் முகமே மாறிவிடுகிறது. ஒரு பெட்டியில் 200 பேர் நெருக்கியடித்து நின்றால் 200 × 115 = 23,000 வாட். மனிதர்களுக்கு மட்டும் 6.5 டன்! நிலையங்களில் கதவு திறக்கும் போதெல்லாம் புகும் ஈரக்காற்று தனி. வேனில் சூரியன் எதிரி. ரயிலில் நாமே வெப்ப மூலம்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே அளவான இரண்டு பழைய தகர டப்பாக்களை எடுத்து, ஒன்றுக்குக் கறுப்பும் மற்றதற்கு வெள்ளையும் பூசுங்கள். மூடியில் துளையிட்டு வெப்பமானியைச் செருகி, மொட்டைமாடியில் காலை 11 மணி முதல் 2 மணி வரை கால் மணிக்கு ஒரு முறை அளவெடுத்து வரைபடம் வரையுங்கள். பிறகு கறுப்பு டப்பாவின் உட்புறம் தெர்மகோல் ஒட்டி மறுநாள் திரும்பச் செய்யுங்கள். அடுத்து, உங்கள் வகுப்பறையில் 40 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இருந்தால், அவர்களுக்காக மட்டும் எத்தனை டன் வேண்டும் என்று கணக்கிடுங்கள். ஆசிரியர் நின்றுகொண்டு பாடம் நடத்துகிறார். அவருக்கு 115 வாட்டை விடக் கொஞ்சம் கூட்டிப் போடலாம்.