பாதிப் பழிதான் சீனிக்கு

கேள்வி: மெல்போர்னில் வசிக்கிறேன். கடையில் விற்கும் கிட்டை வாங்கி வீட்டிலேயே பியர் போடுகிறேன். 1.7 கிலோ மால்ட் சாறு டப்பா, ஒரு கிலோ வெள்ளைச் சீனி, தண்ணீர் சேர்த்து 23 லிட்டர். தாளில் இருந்தபடியே செய்தும் பியர் சப்பென்று தண்ணீராக இருக்கிறது. பச்சை ஆப்பிள் வாடை வேறு. “சீனி போட்டால் அப்படித்தான், டெக்ஸ்ட்ரோஸ் வாங்கு” என்கிறார் நண்பர். ஊரிலிருந்து வந்த கருப்பட்டி வீட்டில் இருக்கிறது. அதைப் போடலாமா?

பதில்: நண்பர் சொன்னதில் பாதி சரி. தண்ணீராக இருப்பதற்குச் சீனிதான் காரணம். ஆப்பிள் வாடைக்கு அது பொறுப்பில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 23 லிட்டரில் 1.7 கிலோ மால்ட் சாறு கரைந்தால் ஹைட்ரோமீட்டர் ஏறக்குறைய 1.022 காட்டும். ஒரு கிலோ சீனி அதை 1.039-க்குக் கொண்டுபோகும். அதாவது ஈஸ்ட் தின்னக் கொடுத்ததில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வெறும் சீனி. மால்ட்டில் இருப்பதை ஈஸ்ட் முழுக்கத் தின்றுவிடாது. சுமார் கால்வாசி டெக்ஸ்ட்ரினாகத் தங்கிவிடும். வாயில் பியர் கனமாகப்படுவது பெரும்பாலும் அதனால்தான். சீனியிலோ மிச்சம் என்று எதுவும் இல்லை. அத்தனையும் ஆல்கஹாலாகவும் வாயுவாகவும் மாறிவிடும். நாலு சதவீத ஆல்கஹாலும் இரண்டு சதவீத பியரின் உடம்பும் கொண்ட ஒன்றைத்தான் நீங்கள் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

டெக்ஸ்ட்ரோஸ் வாங்கினால் இது மாறாது. வெள்ளைச் சீனியை ஈஸ்ட் தன் நொதியாலேயே குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளந்துவிட்டுத்தான் தின்னும். டெக்ஸ்ட்ரோஸ் என்பது அந்தக் குளுக்கோஸ்தான். விலை கூட, போதாக்குறைக்கு, கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் நீர் பிணைந்திருப்பதால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகவே ஆல்கஹால் கிடைக்கும். என்னைக் கேட்டால் தண்டச் செலவு. மால்டோடெக்ஸ்ட்ரின் கலந்து விற்கும் பொட்டலம் வேறு சங்கதி. அதை ஈஸ்ட் பெரும்பாலும் தொடாது, எனவே உடம்பு கூடும்.

எல்லாவற்றையும்விட நல்லது மால்ட் பவுடர். சீனி முழுவதற்கும் பதிலாக ஒரு கிலோ பவுடர் போட்டாலும் ஹைட்ரோமீட்டர் கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் காட்டும். கட்டுப்படியாகாது என்றால் அரைக் கிலோ பவுடர், கால் கிலோ சீனி போட்டு 21 லிட்டரோடு நிறுத்துங்கள். இரண்டு லிட்டர் குறைகிறதே என்று பார்க்காதீர்கள்.

இனி ஆப்பிள் வாடை. அது அசிட்டால்டிஹைடு. சீனியிலிருந்து ஆல்கஹாலுக்குப் போகும் வழியில் ஈஸ்ட் உண்டாக்கும் பொருள். வேலை முடிந்த பிறகும் ஈஸ்ட்டோடு சில நாள் விட்டுவைத்தால் அதுவே இதை மறுபடி எடுத்து ஆல்கஹாலாக்கிவிடும். அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைத்தால் வாடை தங்கிவிடும். சூடும் கெடுக்கும். கோடையில் உங்கள் ஊர் ஷெட் 30 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். நொதிக்கும்போது தொட்டி தானாகவும் சூடேறும். ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி போதும். தொட்டியைத் தண்ணீர் நிரம்பிய பெரிய டப்பில் இறக்கி, உறையவைத்த தண்ணீர் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போடுங்கள். டப்பாவின் தேதியையும் பாருங்கள். பழைய சாறு கறுத்துச் சுவை கெட்டிருக்கும், மூடிக்கடியில் இருக்கும் ஈஸ்ட்டும் சோர்ந்திருக்கும். ஒரு பொட்டலம் ஈஸ்ட் கூடுதலாகத் தூவினால் நட்டமில்லை. வாடை ஆப்பிளைத் தாண்டிக் காடிப் பக்கம் போயிருந்தால் மட்டும் கிருமி புகுந்திருக்கிறது, கொட்டிவிடுங்கள்.

பியரில் சீனி என்றாலே கலப்படம் என்ற எண்ணத்துக்கு 1516-ல் பவேரியாவில் வந்த சட்டமும் ஒரு காரணம்: பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்றது அது. பெல்ஜியத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. வெஸ்ட்மாலே மடத்துத் துறவிகள் 1934 முதல் தயாரிக்கும் டிரிப்பெல் 9.5 சதவீதம், அதில் சீனி சேர்ப்பது வேண்டுமென்றே. முழுக்க மால்ட்டாக இருந்தால் அவ்வளவு வலுவான பியர் பாகுபோலத் திகட்டும். அவர்களிடம் மால்ட் ஏராளம், அதனால் சீனி உதவுகிறது. உங்கள் டப்பாவில் மால்ட்டே குறைவு.

கருப்பட்டி போடலாம். ஆனால் இனிப்பை எதிர்பார்க்காதீர்கள், அதை ஈஸ்ட் தின்றுவிடும். எஞ்சுவது புகைவாடையும் லேசான உப்பும் கசப்பும். வெளிர் லாகர் கிட்டில் அது துருத்திக்கொண்டு நிற்கும். கறுப்பு ஸ்டவுட் கிட்டில் சீனிக்குப் பதிலாக 300 கிராம் வரை பொருந்தும். தண்ணீரில் கொதிக்கவைத்து, மண்ணும் தூசியும் போக வடிகட்டி, ஆறவைத்து ஊற்றுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் இதைச் செய்வது குற்றம். ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்குப் பியர் போடலாம். விற்கவோ, உரிமம் இல்லாமல் சாராயம் வடிக்கவோ கூடாது.

குமிழி நின்றுவிட்டது என்பதற்காகப் பாட்டிலில் அடைக்காதீர்கள். இரண்டு நாள் இடைவெளியில் ஹைட்ரோமீட்டர் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பாட்டில் வெடிக்கும். அடைக்கும்போது நுரைக்காகச் சேர்ப்பதற்கு வெள்ளைச் சீனியே போதும். 750 மில்லி பாட்டிலுக்கு 6 கிராம், அதற்கு மேல் வேண்டாம்.