லண்டன் அறையில் ஒரு ஜப்பானிய மாணவர்

கேள்வி: ஜெர்மனியில் படிக்கும் என் மகன் ஆறு மாதமாகியும் யாரோடும் ஒட்டவில்லை. அறையே கதி என்று கிடக்கிறான். இதற்கா அவ்வளவு தூரம் அனுப்பினோம்?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உங்கள் தவிப்பு புரிகிறது அம்மா. அதற்குள் படிப்பு வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகியை 1900-இல் அவர் நாட்டு அரசு லண்டனுக்குப் படிக்க அனுப்பியது. வயது 33. உதவித்தொகை போதவில்லை; இரண்டு ஆண்டுகளில் ஐந்து இடங்களில் வாடகைக்கு இருந்தார். கல்லூரி வகுப்புகளைச் சில மாதங்களில் விட்டுவிட்டு, கிரெய்க் என்ற ஷேக்ஸ்பியர் அறிஞரிடம் தனியாகப் பாடம் கேட்டார். கையிலிருந்த காசைப் புத்தகங்களில் போட்டுவிட்டு அறைக்குள் கிடந்தார். அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்ற பேச்சு ஜப்பான் வரை போனது.

அந்த அறையில்தான் அவருக்கு ஒன்று உறைத்தது. ஓர் ஆங்கிலக் கவிதையை ஆங்கிலேயர் புகழ்ந்தால் தானும் புகழ வேண்டியதில்லை, தன் ரசனையில் நின்றே படிக்கலாம் என்பது. 1914-இல் மாணவர்களிடையே பேசியபோது அவரே இதை விளக்கினார். ஊர் திரும்பியவர், 1905-இல் பூனை ஒன்று கதை சொல்லும் நாவலை வெளியிடத் தொடங்கினார்.

ஆனால் அவர் பட்ட வேதனையும் நிஜம். அதை நான் பெருமையாகச் சொல்ல மாட்டேன். உங்கள் மகன் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் காத்திருக்காதீர்கள். அங்கே மாணவர்களுக்கென்று மனநல ஆலோசகர்கள் உண்டு. போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை பேசும்போது மார்க்கை விட்டுவிட்டு, இப்போது என்ன புத்தகம் படிக்கிறான் என்று கேளுங்கள்.