ஊசியும் நூலும் உயர்த்திய பெண்

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த ஆடைக்கே புதுவழி காட்டியவர் பிரெஞ்சுப் பெண்மணி கொக்கோ ஷனேல். இவரது இயற்பெயர் கபிரியேல்.

இவர் 1883 ஆகஸ்ட் 19 அன்று, பிரான்சு நாட்டின் சொமூர் நகரில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஊர் ஊராகச் சென்று துணிமணி விற்பவர். கபிரியேலுக்குப் பதினோரு வயதானபோது தாய் மறைந்தார். தந்தையோ பெண்மக்களை ஒபசீன் என்னும் ஊரில் கன்னியர் நடத்திய அநாதை இல்லத்தில் விட்டுச் சென்றார். அங்கேதான் கபிரியேல் ஊசி பிடிக்கக் கற்றார். கன்னியர் கற்றுத் தந்த அக்கைத்தொழிலே பின்னாளில் அவருக்குச் சோறு போட்டது.

1910இல் நண்பர் ஒருவரின் பண உதவியோடு பாரிசின் கம்போன் தெருவில் தொப்பிக் கடை திறந்தார். அக்காலச் சீமாட்டிகள் பலர் இடுப்பை இறுக்கும் கச்சையணிந்து, மூச்சுவிடவும் சிரமப்பட்டனர். 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. ஆண்கள் போர்முனைக்குச் செல்லவே, பெண்கள் வேலைக்குச் செல்ல நேர்ந்தது. இறுகிய உடையில் எப்படி ஓடியாடி உழைப்பது? ஆண்களின் உள்ளாடைக்குப் பயன்பட்ட ஜெர்சி என்னும் பின்னல் துணியைக் கொண்டு, கைகால் வீசி நடக்க ஏற்ற உடைகளைத் தைத்தார் ஷனேல்.

1921இல் ‘ஷனேல் எண் 5’ என்ற வாசனைத் திரவியத்தை வெளியிட்டார். துக்கத்திற்குரியதாகக் கருதப்பட்ட கருப்பு நிறத்தில் 1926இல் அவர் அமைத்த எளிய உடை உலகப் புகழ் பெற்றது. 1939இல் மூடிய தையலகத்தை 1954இல், எழுபது வயதில், மீண்டும் திறந்தார். மறு ஆண்டு, தோளில் மாட்டும் சங்கிலிப் பையை உருவாக்கிப் பெண்களின் கைகளுக்கு விடுதலை தந்தார். 1971 ஜனவரி 10 அன்று பாரிசில் காலமானார்.

தோழியரே, அவர் வாழ்வில் கறையும் உண்டு. ஜெர்மானியர் பாரிசைப் பிடித்திருந்தபோது, யூதருக்கு எதிரான சட்டங்களைக் காட்டி, தம் யூதப் பங்குதாரர்களிடமிருந்து வாசனைத் திரவிய நிறுவனத்தைப் பறிக்க முயன்றார். அது பலிக்கவில்லை. அநாதை இல்லத்தில் வளர்ந்ததையும் மறைத்து, அத்தைமார் வளர்த்ததாகக் கதை கூறினார். ஏழ்மை வெட்கப்பட வேண்டியதன்று. பிறர் துன்பத்தில் ஆதாயம் தேடுவதே வெட்கத்திற்குரியது.

தையல் வகுப்பென்றால் முகம் சுளிக்கும் என் போன்றோர் அவரது உழைப்பைக் கற்போம். அவர் தவறிய இடத்தில் தவறாதிருக்கவும் கற்போம். திறமை கையில் இருந்தால் போதாது. நேர்மை நெஞ்சில் இருக்க வேண்டும்.