ஊதா மின்னல்: ஒரு போர்விமானமும் கணிப்பொறி விளையாட்டும்

முன்னுரை

கணிப்பொறித் திரையில் விமானம் ஓட்டிப் பார்க்கும் அண்ணன் தம்பியர் இன்று நம் வீடுகள் பலவற்றில் உண்டு. நம் தோழியருள்ளும் சிலர் இதில் கெட்டிக்காரர்கள். இரண்டாம் உலகப் போரின் விமானங்களான ஸ்பிட்ஃபயர், மஸ்டாங், ஜீரோ முதலிய பெயர்கள் அவர்களுக்கு மனப்பாடம். அவ்வரிசையில் பலரும் அறியாத, ஆனால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் மதிக்கின்ற ஒரு விமானம் இருக்கிறது. அதன் பெயர் ‘ஷிடென் கை’. போரின் கடைசி ஆண்டில் ஜப்பானியக் கடற்படை பறக்கவிட்ட போர்விமானம் இது.

இவ்விமானத்தைப் பற்றி விளையாட்டு சொல்வது பொய்யன்று. ஆயினும் அது பாதிக் கணக்கே. மறுபாதியையும் சேர்த்து எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பிறப்பும்

ஜப்பானிய மொழியில் ‘ஷிடென்’ என்றால் ஊதா மின்னல் என்று பொருள். நம் மொழியில் கை என்பது கரத்தைக் குறிக்கும். அவர்கள் மொழியில் ‘கை’ என்பது திருத்தி அமைக்கப்பட்டது என்பதைக் குறிக்கும். ஆகவே ‘ஷிடென் கை’ என்றால் திருத்திய ஊதா மின்னல். எதிர்த்தரப்பினரான அமெரிக்கர்கள் இதற்கு ‘ஜார்ஜ்’ என்று குறிப்புப் பெயர் இட்டிருந்தனர்.

இதனைச் செய்தது கவானிஷி என்னும் நிறுவனம். நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும் கடல் விமானங்களைக் கட்டுவதில் அது பெயர் பெற்றது. விமானத் தளம் இல்லாத சிறு தீவுகளிலிருந்தும் போரிட வேண்டும் என்பதற்காக, அடியில் பெரிய மிதவை பொருத்திய ‘கியோஃபூ’ என்ற போர்விமானத்தை அது உருவாக்கியது. கியோஃபூ முதன்முதல் பறந்தது 1942 மே மாதத்தில். மிதவையைக் கழற்றிவிட்டுச் சக்கரம் பொருத்தினால் இதையே நல்லதொரு தரைவிமானம் ஆக்கலாமே என்று பொறியாளர்கள் எண்ணினர். அவ்வாறு பிறந்த ‘ஷிடென்’ 1942 டிசம்பரில் பறந்தது.

ஆனால் பழைய உடலில் புதிய உறுப்பு எளிதில் பொருந்தவில்லை. மிதவை விமானத்தில் இறக்கை உடலின் நடுப்பகுதியில் இருந்தது. புதிய இயந்திரத்தின் சுழலியோ பெரியது. அது தரையில் மோதாதிருக்கச் சக்கரக் கால்களை மிக நீளமாக வைக்க வேண்டியதாயிற்று. அந்தக் கால்கள் அடிக்கடி பழுதாகித் தரையிறங்கும்போது விபத்துகள் நேர்ந்தன. எனவே இறக்கையைக் கீழே இறக்கி, கால்களைக் குட்டையாக்கி, உடலையும் மாற்றிப் புதிதாக வரைந்தனர். உறுப்புகளின் எண்ணிக்கையும் வெகுவாகக் குறைந்தது. 1943 முடிந்து 1944 பிறக்கும் வேளையில் ‘ஷிடென் கை’ வானில் எழுந்தது.

அதன் நீளம் 9 மீட்டருக்குச் சற்று மேல். இறக்கையின் அகலம் 12 மீட்டர். ‘ஹோமாரே’ என்ற அதன் இயந்திரத்தில் 18 சிலிண்டர்கள். ஆற்றல் ஏறக்குறைய 2000 குதிரைத்திறன். மணிக்கு 590 கிலோமீட்டருக்கு மேல் செல்லும். இறக்கைகளில் 20 மில்லிமீட்டர் பீரங்கிகள் நான்கு இருந்தன.

பாதரசம் செய்த பணி

இவ்விமானத்தின் தனிச்சிறப்பு அதன் இறக்கையில் இருக்கிறது. விமான இறக்கையின் பின்விளிம்பில் கீழ்நோக்கி மடங்கும் பலகைகள் உண்டு. அவற்றை ஃபிளாப் என்பர். ஃபிளாப்பைக் கீழே இறக்கினால் விமானத்தைத் தாங்கும் விசை கூடும். ஆனால் காற்றின் தடையும் கூடும், வேகம் குறையும். சண்டையின்போது குறுகிய வட்டத்தில் திரும்ப வேண்டுமானால் தாங்கும் விசை மிகுதியாக வேண்டும். நேரே விரையும்போது தடை குறைவாக இருக்க வேண்டும். எந்த நொடியில் எவ்வளவு இறக்குவது? எதிரியைப் பார்ப்பானா, ஃபிளாப்பைப் பார்ப்பானா விமானி?

இதற்குக் கவானிஷிப் பொறியாளர்கள் கண்ட வழி, நாம் இயற்பியல் பாடத்தில் படிக்கும் அழுத்தமானியே ஆகும்! ஒரு குழாயில் பாதரசத்தை வைத்தனர். விமானம் விரையும்போது எதிர்வரும் காற்றின் அழுத்தம் பாதரசத்தை மேலே தள்ளும். விமானம் கடுமையாகத் திரும்பும்போது எல்லாப் பொருள்களுக்கும் எடை கூடியதுபோல் ஆகும். நான்கு மடங்கு விசையுள்ள திருப்பத்தில் 60 கிலோ மனிதன் தன்னை 240 கிலோவாக உணர்வான். பாதரசமும் அவ்வாறே கனத்துக் கீழே இறங்கும். ஆகவே பாதரச மட்டத்தைப் பார்த்தாலே இறக்கைக்கு அந்நேரத்தில் எவ்வளவு உதவி தேவை என்பது விளங்கிவிடும். அம்மட்டத்துக்கு ஏற்ப மின் இணைப்புகள் சேர்ந்தும் பிரிந்தும் ஃபிளாப்பைத் தாமே இறக்கின, ஏற்றின. கணிப்பொறி வீட்டுக்கு வராத காலத்தில் செய்த சாதனை இது. நான்கு டன் எடையுள்ள விமானம் இலகுவாக வளைந்து திரும்பியதற்கு இதுவே காரணம்.

மாட்சுயாமாப் படை

1944 டிசம்பர் இறுதியில் 343ஆம் விமானப் படை புதிதாக அமைக்கப்பட்டது. அதன் தலைவர் கெண்டா மினோரு. 1941இல் முத்துத் துறைமுகத் தாக்குதலுக்குத் திட்டம் வகுத்தவர்களுள் ஒருவர் அவர். அனுபவம் வாய்ந்த விமானிகளைத் தேடிச் சேர்த்து, ஷிடென் கை விமானங்களைக் கொடுத்து, வானொலியில் பேசிக்கொண்டு குழுவாகப் போரிடும் முறையைப் பயிற்றுவித்தார். ஷிகோக்கு தீவிலுள்ள மாட்சுயாமா நகரம் அவர்களது தளம்.

1945 மார்ச் 19ஆம் நாள் காலை, அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கூரே துறைமுகப் பகுதியைத் தாக்க வந்தன. மாட்சுயாமாப் படை எழுந்து எதிர்த்தது. நெடுநாளாகத் தோல்வியையே கண்டிருந்த ஜப்பானிய விமானிகள், சமமான விமானத்தில் அமர்ந்து எதிரியைச் சந்தித்தது இதன் சிறப்பு. ஐம்பதுக்கு மேற்பட்ட விமானங்களை வீழ்த்தியதாக ஜப்பானியர் அறிவித்தனர். அமெரிக்கர்களும் பெரிய எண்ணிக்கையைச் சொன்னார்கள். பிற்காலத்தில் இருநாட்டு ஏடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் மிகை என்று தெரிந்தது. விளையாட்டில் எத்தனை வீழ்த்தினோம் என்பதைத் திரை தவறாமல் எண்ணிச் சொல்கிறது. உண்மைப் போரில் வென்றவனுக்கே கணக்குத் தெரியாது.

விளையாட்டில் அதன் இடம்

2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஏசஸ் ஹை’ என்ற விமானச் சண்டை விளையாட்டிலும், 2012இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட ‘வார் தண்டர்’ விளையாட்டிலும் ஷிடென் கை இடம்பெற்றது. நன்றாகத் திரும்பும், நான்கு பீரங்கிகளால் பலமாகச் சுடும், ஆனால் மிக உயரத்தில் சற்றுத் திணறும் என்பதே ஆட்டக்காரர் கூறும் இலக்கணம். வரலாற்று நூல்களும் இதையே சொல்கின்றன.

இவ்விளையாட்டுகளை வீண் என்று தள்ளிவிட முடியாது. வேகத்தை உயரமாகவும் உயரத்தை வேகமாகவும் மாற்றுவது எப்படி, திரும்பத் திரும்ப வேகம் ஏன் குறைகிறது என்பனவற்றை ஆடுகிறவர் தாமே உணர்கிறார். இயக்க ஆற்றலும் நிலை ஆற்றலும் நமக்குப் பாடம், அவருக்குக் கைப்பழக்கம்.

ஆயினும் விளையாட்டுக்கு ஒரு விதி உண்டு. ஆட்டம் சுவையாக இருக்க வேண்டுமானால் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். ஆகவே ‘வார் தண்டர்’ ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தர எண் இட்டு, ஒத்த தரமுள்ளவற்றையே மோத விடுகிறது. போருக்கு அந்த விதி கிடையாது. ஷிடென் கை விமானங்கள் மொத்தம் ஏறக்குறைய 400 செய்யப்பட்டன. அவற்றை எதிர்த்த அமெரிக்க ‘ஹெல்காட்’ விமானங்களோ 12,000க்கு மேல்!

விளையாட்டு எழுதாத கணக்கு

விளையாட்டில் எரிபொருள் குறைவின்றி வரும். 1945இல் ஜப்பானுக்கு எண்ணெய் வரும் கடல் வழிகள் அடைபட்டுவிட்டன. உயர்ந்த பெட்ரோலுக்கென வடிவமைத்த ஹோமாரே இயந்திரத்துக்குத் தரம் குறைந்த பெட்ரோலே கிடைத்தது. நுட்பமான அந்த இயந்திரம் அடிக்கடி பழுதாயிற்று. மாற்று எரிபொருள் வேண்டி, பைன் மரத்தின் வேரைத் தோண்டி எண்ணெய் வடிக்கும்படி அரசு கட்டளையிட்டது. ஊர் மக்களோடு பள்ளிப் பிள்ளைகளும் மண்வெட்டியுடன் மலைக்குச் சென்றனர்.

விளையாட்டில் விமானம் அழிந்தால் அடுத்தது உடனே வரும். அங்கே அதை யார் செய்தார்கள்? ஆண்கள் போர்முனைக்குச் சென்றுவிட்டதால் 1944இல் மாணவ மாணவியரைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் ஆணைகள் பிறந்தன. நம் வயதுப் பெண்கள் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு விமான உறுப்புகளுக்கு ஆணி அறைந்தார்கள். கவானிஷித் தொழிற்சாலைகளிலும் இவ்வாறு மாணவர்கள் வேலை செய்தனர். ஷிடென் கை செய்யப்பட்ட ஹிமேஜித் தொழிற்சாலை 1945 ஜூன் 22இல் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. ஊதா மின்னலின் பின்னால் எத்தனை சிறு கைகள் இருந்தன என்று நினைக்கையில் உள்ளம் கனக்கிறது.

இன்னொரு நிகழ்ச்சி. 1945 மார்ச் 31ஆம் நாள், சோதனைக்காகப் பறந்த ஷிடென் கை ஒன்று, ஹியோகோ மாநிலத்தின் உசுரனோ தளத்துக்கு அருகே அவசரமாக இறங்க முயன்றபோது ரயில் தண்டவாளத்தைத் தாக்கிவிட்டது. பின்னால் வந்த ரயில் கவிழ்ந்தது. விமானியும் பயணிகள் பதினொருவரும் இறந்தனர். அவர்கள் எந்தப் போர்முனையிலும் இருந்தவர்கள் அல்லர். அத்தளம் இருந்த கசாய் நகரில் 2022இல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஷிடென் கையின் முழு அளவு மாதிரி ஒன்று அங்கே வைக்கப்பட்டுள்ளது.

கடலடியில் கிடைத்த விமானம்

1945 ஜூலை 24ஆம் நாள், நாகசாகிக்கு அருகிலுள்ள ஓமுரா தளத்திலிருந்து இருபதுக்கு மேற்பட்ட ஷிடென் கை விமானங்கள் புறப்பட்டன. ஷிகோக்கு, கியூஷு தீவுகளுக்கு இடையிலுள்ள கடற்பகுதியில் பெரும் சண்டை நடந்தது. ஆறு விமானங்கள் திரும்பவில்லை. 16 நாட்கள் கழித்து நாகசாகியின் மீது அணுகுண்டு விழுந்தது. ஆகஸ்டு 15இல் போர் ஓய்ந்தது. அந்த ஆறு பேரும் இன்னும் 22 நாட்கள் பிழைத்திருந்தால் வீடு திரும்பியிருப்பார்கள்!

1978 நவம்பரில், ஷிகோக்குவின் தென்மேற்குக் கரையில், ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்தில் ஒரு விமானம் கிடப்பதை நீர்மூழ்குபவர் ஒருவர் கண்டார். 1979 ஜூலை 14இல் அதை மேலே தூக்கினார்கள். உடல் ஏறத்தாழ முழுமையாக இருந்தது; சுழலியின் நான்கு இதழ்களும் பின்புறமாக வளைந்திருந்தன. விமானி அதனை நீரின்மேல் பதமாக இறக்கியிருக்கிறார் என்பதற்கு அதுவே சான்று. அது ஷிடென் கை. திரும்பாத ஆறில் ஒன்று என்று கருதப்படுகிறது. ஆனால் எவருடையது என்பது உறுதியாகவில்லை. எஹிமே மாநிலத்தின் ஐனான் ஊரில் அவ்விமானத்தைப் பாதுகாத்து, ஆறு பேரின் படங்களையும் அதனருகே வைத்தனர். உலகில் எஞ்சியுள்ள நான்கு ஷிடென் கை விமானங்களில் ஜப்பானில் உள்ளது இது ஒன்றே. மற்ற மூன்றும் அமெரிக்க அருங்காட்சியகங்களில் உள்ளன.

ஆறு குடும்பங்களில் எந்தக் குடும்பமும் அதை ‘எங்கள் பிள்ளையின் விமானம்’ என்று உரிமை கொண்டாட முடியவில்லை. அதனாலேயே ஆறு குடும்பத்துக்கும் அது சொந்தமாயிற்று.

முடிவுரை

அன்புத் தோழியரே! விளையாட வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. பாதரசக் குழாயின் நுட்பத்தை வியக்கலாம். வளைந்து திரும்பும் அழகை ரசிக்கலாம். அறிவுக்கு அது நல்ல விருந்து. ஆனால் திரையில் ஊதா மின்னல் தோன்றும்போது, அதற்கு எண்ணெய் வேண்டி வேர் தோண்டிய பிள்ளைகளையும், ஆணி அறைந்த மாணவியரையும், ரயிலில் சென்ற பதினொருவரையும், பெயர் தெரியாமல் கடலில் இறங்கிய விமானியையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். உங்கள் அண்ணனோ தம்பியோ அவ்விமானத்தைத் தேர்ந்தெடுத்தால், அருகில் அமர்ந்து இக்கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். கேட்ட பிறகும் அவர்கள் விளையாடுவார்கள். ஆனால் எதை விளையாடுகிறோம் என்பதை அறிந்து விளையாடுவார்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி