சத்தியம் செய்துவிட்டுச் சொன்ன பதில்

அன்புள்ள தம்பிக்கு,

காஷ் படேல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இயக்குநர் ஆனது பற்றி நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். நடை நன்றாக இருக்கிறது. தப்பான தகவலும் இல்லை. ஆனாலும் அதை அப்படியே அச்சுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று அவர் செனட்டின் நீதித்துறைக் குழு முன்னால் வந்து உட்கார்ந்தது, பெற்றோரை அறிமுகப்படுத்தி ‘ஜெய் ஸ்ரீ கிருஷ்ணா’ சொன்னது, குஜராத்திப் பூர்விகம் என்று முக்கால் கட்டுரை போய்விடுகிறது. கடைசி வரியில் 51-49 என்று வாக்குக் கணக்கு. நடுவில் மணிக்கணக்காக நடந்த கேள்வி பதிலில் ஒன்றுகூட இல்லை. ஏஜென்சிகள் அனுப்பிய செய்தியும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது என்பாய், தெரியும். உன்னைப் போல உலகச் செய்தி டெஸ்க்குக்குப் புதிதாக வருகிற எல்லோருக்கும் இது பொருந்தும் என்பதால்தான் பகிரங்கமாக எழுதுகிறேன்.

ஒரு நாட்டின் மிகப் பெரிய புலனாய்வு அமைப்புக்குத் தலைவராகப் போகிறவரை, மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார்கள். அந்த வழக்கம் அமெரிக்காவுக்கே பழையது இல்லை. எட்கர் ஹூவர் 1924 முதல் 1972 மே 2-ஆம் தேதி இறக்கும்வரை 48 ஆண்டுகள், எட்டு அதிபர்களின் காலத்தில், எஃப்.பி.ஐ. இயக்குநர் நாற்காலியில் இருந்தார். ஒருமுறைகூட அந்தப் பதவிக்காக செனட்டின் ஒப்புதலை அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. 1968-இல் வந்த சட்டம்தான், ஹூவருக்கு அடுத்து வருகிறவரை அதிபர் நியமித்தால் போதாது, செனட் ஒப்ப வேண்டும் என்றது. பதவிக்காலம் பத்தாண்டுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு 1976-இல் வந்தது.

அந்தச் சட்டப்படி முதலில் வந்து உட்கார்ந்தவர் பேட்ரிக் கிரே. ஹூவர் இறந்த மறுநாளே அதிபர் நிக்சன் கிரேயைத் தற்காலிக இயக்குநர் ஆக்கிவிட்டார். அடுத்த மாதமே வாட்டர்கேட் கட்டடத்தில், எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஆட்கள் பிடிபட்டார்கள். அந்த வழக்கை விசாரித்தது எஃப்.பி.ஐ. அதன் தலைமையில் இருந்த கிரேயை 1973 பிப்ரவரியில் நிரந்தர இயக்குநராக நிக்சன் முன்மொழிந்தார். பிப்ரவரி 28 அன்று செனட்டின் ஒப்புதல் விசாரணை தொடங்கியதுமே ஒரு செய்தி வெளியே வந்தது. வாட்டர்கேட் புலனாய்வுக் கோப்புகளை வெள்ளை மாளிகையின் வழக்கறிஞர் ஜான் டீனிடம் கொடுத்ததாக கிரேயே சொன்னார். யாரை விசாரிக்கிறோமோ அவர்களின் வீட்டுக்கே கேஸ் கட்டு போயிருக்கிறது! டீனைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்று செனட்டர்கள் கேட்டார்கள். அனுப்ப முடியாது என்றது வெள்ளை மாளிகை.

மார்ச் 22-ஆம் தேதிதான் நீ நிதானமாகப் பார்க்க வேண்டிய நாள். கேள்வி கேட்டவர் மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ராபர்ட் பேர்ட். முந்தைய ஆண்டு ஜூன் மாதம், வாட்டர்கேட் சதியில் சிக்கிய ஹோவர்ட் ஹண்டுக்கு வெள்ளை மாளிகையில் அலுவலகம் உண்டா என்று எஃப்.பி.ஐ. அதிகாரிகள் டீனிடம் கேட்டிருந்தார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்றிருந்தார் டீன். ஆனால் அதற்கு முன்பே ஹண்டின் வெள்ளை மாளிகைப் பெட்டகத்தில் இருந்த பொருள்கள் டீனின் கைக்கு வந்திருந்தன. பேர்ட் இதை ஒவ்வொன்றாக அடுக்கினார். அப்படியானால் டீன் உங்கள் அதிகாரிகளிடம் பொய் சொன்னார், இல்லையா என்று கேட்டார். அநேகமாக அப்படித்தான் என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது என்று கிரே ஒப்புக்கொண்டார். அதிபரின் வழக்கறிஞர் பொய் சொன்னார் என்று அதே அதிபர் நியமித்த ஆள், சத்தியம் செய்துவிட்டுச் சொல்கிறார். குரல் உயர்த்தல் இல்லை, ஆவேசம் இல்லை. தேதியையும் ஆவணத்தையும் கையில் வைத்துக்கொண்டு கேட்ட ஒரு கேள்வி, அவ்வளவுதான். மறுநாள்தான் வாட்டர்கேட் குற்றவாளிகளில் ஒருவரான மெக்கார்ட், வழக்கில் பொய்ச் சாட்சி சொல்லப்பட்டது என்று எழுதிய கடிதத்தை நீதிபதி சிரிகா நீதிமன்றத்தில் படித்தார். ஒன்றின் விளைவுதான் மற்றொன்று என்று எழுதிவிடாதே. ஆனால் அந்த இரண்டு நாட்களில் மூடி கழன்றுவிட்டது.

ஏப்ரல் 5 அன்று தன் பெயரை விலக்கிக்கொள்ளும்படி கிரே கேட்டார். 27-ஆம் தேதி தற்காலிகப் பதவியையும் விட்டார். ஏனென்றால், ஹண்டின் பெட்டகத்திலிருந்து வந்த சில காகிதங்களை அவர் வீட்டில் வைத்து எரித்திருந்தது அப்போது வெளியாகிவிட்டது. இதை நீ மறக்கக் கூடாது: அத்தனை நாள் விசாரணையில் அது வரவில்லை. டீன் அரசு வழக்கறிஞர்களிடம் பேசத் தொடங்கிய பிறகே வந்தது. ஒப்புதல் விசாரணை எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிடும் என்று வாசகரை நம்பவைக்காதே. அதனால் கிடைப்பது, சத்தியம் செய்து சொன்ன பதில்களின் பதிவு. பின்னால் ஏதாவது வெளியே வரும்போது அந்தப் பதிலை எடுத்துவைத்துக் கேட்கலாம்.

அதனால்தான் வாக்குக் கணக்கை நான் பெரிதாக எடுப்பதில்லை. எஃப்.பி.ஐ. இயக்குநர்களாக வந்தவர்களில் 2001-இல் முல்லருக்கு 98-0. 2013-இல் கோமிக்கு 93-1. 2017-இல் ரேக்கு 92-5. பிறகு படேலுக்கு இந்த 51-49. கட்சிகள் எவ்வளவு தூரம் விலகிவிட்டன என்பதை இது காட்டுகிறது, சரி. ஆனால் ஒருமனதாக ஜெயித்தவரிடம் கடினமான கேள்வி கேட்டார்கள் என்று இதில் எங்கே இருக்கிறது? ஒப்புதல் பதவியைக் காப்பாற்றுவதும் இல்லை. 93 வாக்கு வாங்கிய கோமியை நாலாவது வருடத்தில், 2017 மே 9 அன்று, டிரம்ப் வீட்டுக்கு அனுப்பினார்.

நம் பக்கத்தைப் பார். இலங்கையில் போலீஸ் மா அதிபரை நியமிக்க அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதல் வேண்டும். தேசபந்து தென்னக்கோன் ஒருவரைச் சித்திரவதை செய்த விவகாரத்தில் அடிப்படை உரிமையை மீறினார் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்திருந்தது. இரண்டு மாதம் கழித்து, 2024 பிப்ரவரியில், அவரே மா அதிபர். பேரவையில் ஆதரவு நாலு, எதிர்ப்பு இரண்டு, நடுநிலை இரண்டு. சபாநாயகர் தன் தீர்மான வாக்கைப் போட்டு ஒப்புதல் கிடைத்ததாக அறிவித்தார். அந்தக் கணக்கு செல்லுமா என்ற வழக்கில் அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர் பணியாற்றத் தடை விதித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் 177 வாக்குகளால் அவரை நீக்கியது. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, மக்கள் பார்க்கும்படி, அவரிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டிருந்தால்? கேட்க அங்கே மேடையே இல்லை. பேரவை கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுத்தது. சித்திரவதைக்கு ஆளானவருக்கு அந்த நியமனச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. இந்தியாவிலும் சி.பி.ஐ. இயக்குநரைப் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி என மூவர் கூடித் தேர்கிறார்கள். நமக்குத் தெரியவருவது பெயர் மட்டும்தான்.

கதவு திறந்து நடக்கிற இடத்தில் நாம் உள்ளே எட்டிப் பார்க்காமல் வந்துவிடலாமா? அதுதான் என் ஆதங்கம்.

வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். வீடியோத் துணுக்குகளை ஒதுக்கிவை. வேட்பாளர் குழுவுக்கு எழுதிக் கொடுத்த வினாப்பட்டியல் இருக்கும், முதலில் அதைப் படி. பழைய பேச்சு, பழைய வேலை, வருமானம் எல்லாம் அதில்தான். பிறகு விசாரணையின் முழு எழுத்து வடிவம். ஒரே கேள்வியை இரண்டு பேர் கேட்டிருந்தால் இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வை. ‘கற்பனையான கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன்’ என்று வருகிற இடங்களைக் குறித்துக்கொள். எதைத் தொட்டால் அந்த வரி வருகிறது என்று பார். விசாரணை முடிந்த பிறகு செனட்டர்கள் எழுத்தில் அனுப்பும் கேள்விகளுக்கும் பதில் வரும். கேமரா போன பிறகு வருவதால் அதை அனேகமாக யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. ஆங்கிலப் பத்திரிகைகளே விட்ட செய்தி சில சமயம் அங்கே கிடக்கும்.

பெற்றோர் அறிமுகமானதையும் எழுது, இரண்டு வரி. நம் வாசகர் அதை அறிய விரும்புவார், தவறில்லை. ஆனால் அதிபரிடமிருந்து உத்தரவு வந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு அவர் என்ன சொன்னார் என்பதை மேலே கொண்டு வா. வியாழக்கிழமை பக்கம் மூடுவதற்குள் திருத்தி அனுப்பு. தலைப்பை நீ வைக்காதே, படித்துவிட்டுச் சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்