விசா தேவைப்படாத எல்லை ஊர்

‘வெளிநாட்டுல சம்மர் கோர்ஸ்’னு சொன்னாலே ஸ்ட்ராஸ்பர்க் மாதிரி ஊர்கள்தான் நினைவுக்கு வரும். 1871-லிருந்து 1945-க்குள் ஜெர்மனியும் பிரான்சும் மாறி மாறி ஆண்ட நகரம் அது. அதே மாதிரி ஆட்சி மாறிய எல்லை ஊர் நம்ம பக்கத்திலேயே இருக்கு. வீரகேரளம்புதூரிலிருந்து தென்காசி வந்து பஸ் மாறினா, செங்கோட்டை.

செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தப்போதான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஊர் நுழைவு வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையை இன்றும் பார்க்கலாம்.

அங்கிருந்து புனலூர் போற ரயில்ல ஏறுங்க. 1904-ல் திறந்த மலைப்பாதை இது. வழியில் பதின்மூன்று கண் பாலம் வரும். மீட்டர் கேஜுக்காகக் கட்டின கல் பாலம். அதையே பலப்படுத்தி 2018-லிருந்து அகல ரயில் ஓட்டுறாங்க. சிவில் மாணவர்கள் கட்டாயம் பார்க்கணும்.

பாலத்தை அடுத்த வருஷமும் பார்க்கலாம். ஆனா 1956-ல் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு இப்ப எழுபத்தைந்து வயசுக்கு மேல. அன்னைக்கு பாடப்புத்தகம் மாறுச்சா, கோர்ட்டு கச்சேரிக்கு எந்த ஊர் போனாங்க, மலைக்கு அந்தப்புறம் நின்ற சொந்தங்கள் என்ன ஆனாங்க? இந்த லீவுலேயே ஒரு தாத்தாகிட்டயோ ஆச்சிகிட்டயோ உட்கார்ந்து கேட்டு எழுதிடுங்க.